எதிர் லோஞ்சு வராத காலை

புயலுக்கு அடுத்த வருடம் முழுவதும் நான் கடலில் ஓடியதைவிடக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றதே அதிகம். மூதூரிலிருந்து திருகோணமலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் எஞ்சின் படகான லோஞ்சில் எனக்குத் தண்டையல் வேலை. தண்டையல் என்றால் சுக்கான் பிடிப்பவன். காலை ஏழு மணிக்குக் கயிற்றை அவிழ்ப்பதா, வந்த சனத்தை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுப்பவனும் அவன்தான். லோஞ்சின் முதலாளிகூட அந்த ஒரு விஷயத்தில் வாயைத் திறக்கமாட்டார். குடாவைக் கடக்க ஒன்றேகால் மணித்தியாலம் போதும். தரைவழியாகச் சுற்றிப் போனால், ஆற்றுக்கு ஆறு இறங்கி, பஸ்ஸையும் ஆளையும் சேர்த்து மிதக்கவைத்துக் கொண்டுபோகும் ‘பாதை’ என்கிற மிதவைக்காகக் காத்துக்கிடந்து, மத்தியானம் தாண்டித்தான் பட்டணத்தைக் காணலாம். ஆகவே ‘இண்டைக்கு ஏலாது’ என்று என் வாயிலிருந்து விழுந்தால் ஊரில் பாதிப்பேரின் அலுவல் அன்றைக்குப் பாழ். அந்த வருடம் அதை நான் தாராளமாகவே சொல்லித் தீர்த்தேன்.

புயலுக்கு முந்தி நான் அப்படி இல்லை. முந்தி நான் வேறு வகை முட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்தை ஒரு புயல் உரசிப் போனது. காலையிலேயே ரேடியோவில் அறிவித்தல் வந்தது. தேத்தண்ணிக் கடையில் பத்திருபது பேர் இருந்தார்கள். “கொழும்பில இருந்துகொண்டு எங்கட கடலை இவனுக்குத் தெரியுமோ?” என்று கேட்டேன். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக இருந்தது. லோஞ்சு அப்போது ஒற்றைக் கயிற்றில் கட்டியிருந்தது. இரண்டாவது கயிறு போட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு நமைச்சல் இருக்கத்தான் செய்தது. ஆனால் எழுந்து போனால் தண்டையல் பயந்துவிட்டான் என்று ஆகிவிடும். இருந்து இன்னொரு தேத்தண்ணி குடித்தேன்.

புயல் வந்தபோது நான் பக்கத்து வீட்டு ஆட்டோடு மேசைக்குக் கீழே இருந்தேன். இருவரில் ஆடுதான் மரியாதையாக நடந்துகொண்டது. மறுநாள் போய்ப் பார்த்தால் லோஞ்சு தென்னந்தோட்டத்துக்குள் ஒரு மரத்தில் தலையைச் சாய்த்தபடி கிடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மூன்று மாதம் திருத்த வேலை. அந்த மூன்று மாதமும் என்னைக் கண்டவர்கள் எல்லாரும், “என்ன தண்டையல், தேங்காய் ஏத்தவோ போனது?” என்று கேட்டார்கள்.

லோஞ்சு கடலுக்குத் திரும்பியது. நான் திரும்பவில்லை. முன்பு புயல் அறிவித்தலுக்கே பயப்படாதவன், இப்போது முகில் ஒன்று தனியாக நின்றால்கூட அதற்குக் கூட்டாளிகள் எங்கே என்று தேடத் தொடங்கினேன். எறும்பு வரிசையாகப் போனால் அடையாளம். வரிசை குலைந்து போனால் அதைவிடப் பெரிய அடையாளம். இவற்றுக்கெல்லாம் மேலாக என் இடது முழங்கால் இருந்தது. புயலன்று மேசைக்குக் கீழே மடக்கி வைத்திருந்த கால். அது நொந்தால் காற்று வருகிறது என்று அர்த்தம். இதை நான் பகிடியாகச் சொல்லவில்லை, உறுதியாக நம்பினேன்.

என் மனைவிக்கு இந்த முழங்காலைப் பிடிக்காது.

“என்ன, உங்கட ரேடியோ இண்டைக்கு என்ன சொல்லுது?” என்று குசினி அடுப்படியில் இருந்து கேட்பாள்.

“நோகுது. வடகிழக்கால ஏதோ வருது.”

“முந்தநாளும் நொந்தது. நல்ல வெயில் எறிச்சுது.”

“அது லேசான நோவு.”

“போன கிழமை மழை ஊத்தேக்க ஏன் நோகேல்லை?”

“அது சும்மா மழை.”

“அப்ப இதுவும் சும்மா நோவு. எண்ணெயைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போங்கோ.”

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நொந்து மழை வந்த நாட்களை நான் மாதக்கணக்காக ஞாபகம் வைத்திருந்தேன். நொந்து வெயில் எறித்த நாட்கள் அன்றைக்கே மறந்துபோயின. என் ஞாபகம் எனக்கு வேலை செய்யவில்லை, என் பயத்துக்கு வேலை செய்தது.

இதன் உச்சம் மாசி மாதத்தில் வந்தது. வாடை ஓய்ந்து, கடல் எண்ணெய் பூசியதுபோல் கிடந்த காலை. நான் ஜெட்டிக்கு, எங்கள் இறங்குதுறைக்கு, போகும் வழியில் நூறு காகம் ஒரே இடத்தில் கூடி நின்று கத்தின. கரைப்பறவைகள் புயலுக்குப் பயந்து கூட்டமாக உள்ளுக்கு ஓடுகின்றன என்று முடிவு கட்டினேன். முப்பது நாற்பது பேரைத் திருப்பி அனுப்பினேன். சனம் கடலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, ஏசிக்கொண்டு போனது. எஞ்சின் பார்க்கும் என் கூட்டாளி, மூதூர் முஸ்லிம் ஆள், என்னோடு ஒரே வயது, காகம் கத்திய இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“மச்சான், அங்க மாடு அறுத்திரிக்கானுகள். கொடலு கெடக்கு. காகம் சோறு திங்குது. நீதான் பட்டினி.”

அன்று பின்னேரம்வரை கடலில் ஒரு நுரைகூட எழவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும், ‘போயிருந்தால் ஏதாவது நடந்திருக்கும்’ என்று ஒரு மூலையில் எண்ணம் வந்து ஆறுதல் சொன்னது. போகாத பயணத்தில் என்ன நடந்திருக்கும் என்று எவன் வந்து எனக்குப் பிழை பிடிக்கப்போகிறான்? பயந்தவனுக்குள்ள பெரிய வசதி அதுதான்.

காகத்தைக் கைவிட்டபின் எனக்கு வேறு ஒரு துணை தேவைப்பட்டது. அதை எங்கள் லோஞ்சு வழக்கத்திலேயே கண்டுபிடித்தேன். குடாவில் இரண்டு லோஞ்சு ஓடியது. ஏழு மணிக்கு ஒன்று இங்கிருந்தும், மற்றது திருகோணமலையிலிருந்தும் புறப்படும். நடுக்கடலில் எதிர்ப்படும்போது இரண்டு தண்டையலும் கை காட்டுவோம். கையை நேரே உயர்த்தினால் நான் வந்த வழி நல்லம். கிடையாக ஆட்டினால் அலை இருக்கிறது, பார்த்துப் போ. நல்ல வழக்கம். இருவரும் பாதிக்கடலைத் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்வது. அடுத்த வாடைக்காலம் தொடங்கியதும் நான் இதில் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். எதிர் லோஞ்சு துறைமுக வாயிலைவிட்டு வெளியே வந்து வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்த பிறகுதான் என் கயிற்றை அவிழ்ப்பது. எதிர் லோஞ்சுத் தண்டையல் என்னைவிடப் பதினைந்து வருடம் பழைய ஆள். அவர் வந்தால் கடல் நல்லம், வராவிட்டால் கெட்டது. இதைப் பயம் என்று யாரும் சொல்லமுடியாது, அனுபவத்துக்கு மரியாதை என்றுதான் சொல்லவேண்டும். பத்து நிமிடம் பிந்தி வெளிக்கிட்டேன், பிறகு இருபது நிமிடம். அவரும் நாளுக்கு நாள் பிந்தி வந்தார். பார்த்தாயா, அவரும் யோசித்துத்தான் வருகிறார், கடலில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு இன்னும் உறுதியானது.

மார்கழியில் ஒரு காலை. ஏழு மணி ஆயிற்று, ஏழரையும் ஆயிற்று, வெள்ளைப் புள்ளியைக் காணவில்லை. வடகிழக்கே கொஞ்சம் கறுப்பு. குடாவில் அந்தக் காலத்துக்கு வழக்கமான அலை. ஜெட்டியில் நாற்பது பேர். முன்வரிசையில் ஒரு கருவாட்டு வியாபாரி சாக்கின்மேல் குந்தியிருந்தார்.

“என்ன தண்டையலார், காகம் ஏதும் சொல்லி அனுப்பினதோ?”

“காகமில்லை ஐயா. எதிர் லோஞ்சைக் காணேல்லை. அங்கால ஏதோ சரியில்லைப் போல கிடக்கு.”

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டு ஜெட்டியின் நுனிவரை போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கருவாட்டு வியாபாரி எழுந்து நின்றார்.

“தம்பி, கேள்விப்பட்டனீரோ? எதிர் லோஞ்சு கவிண்டு போச்சாம்.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும்தான் சொல்லுறாங்கள். மூண்டு பேர் சரியாம், உயிர் தப்பேல்லையாம்.”

பயத்தோடு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சின்னச் சந்தோசமும் வந்தது. நான் நினைத்தது சரியாகப் போய்விட்டதே! என் வாயிலிருந்து புறப்பட்ட கதைதான் ஜெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது என்பது அப்போது விளங்கவில்லை. போகும்போது வெறுங்கையோடு போனது, வரும்போது மூன்று பிரேதத்தோடு வந்தது.

“இண்டைக்கு ஏலாது” என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தப் பெண் முன்னுக்கு வந்தார். முப்பதை நெருங்கும் வயது, வெள்ளைச் சேலை, பொலித்தீனால் சுற்றிய ஒரு கடதாசிக் கட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

“அண்ணன், லோஞ்சு போகுமோ, போகாதோ?”

“பாப்பம் தங்கச்சி. எதிர் லோஞ்சு வரட்டும்.”

“நான் ஈச்சிலம்பற்றில இருந்து நேற்றே வந்து இஞ்ச சொந்தக்காரர் வீட்டில நிண்டனான். பத்து மணிக்குப் பட்டணத்தில நேர்முகப் பரீட்சை. ரீச்சர் வேலைக்கு.”

“விளங்குது. ஆனா…”

“மாசியிலயும் இப்பிடித்தான் வந்தனான். அண்டைக்கும் நேர்முகப் பரீட்சைதான். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. நீங்கள் திருப்பி அனுப்பினீங்கள். அந்த வேலை வேற ஒராளுக்குப் போட்டுது.”

காக நாள். என் காதுக்குள் அந்த நூறு காகமும் ஒரே தடவையில் கத்தின.

“வாற மாசத்தோட எனக்கு வயசெல்லை முடியுது,” என்றார். “இதுக்குப் பிறகு கூப்பிடமாட்டாங்கள்.”

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கால் நடுங்கினால் வாய் பகிடி விடும். “தங்கச்சி, உயிர் இருந்தாத்தானே வேலை. அங்கால மூண்டு பேர் ரீச்சர் வேலைக்கும் ஏலாமக் கிடக்கிறாங்களாம்,” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் ஒரு அடி கிட்ட வந்தார்.

“உயிருக்குப் பயமெண்டா சொல்லுங்கோ, நான் கோபிக்கமாட்டன். ஆனா நீங்கள் கடலைப் பாக்கேல்லையே அண்ணன். வந்த நேரம் தொடக்கம் நானும் பாக்கிறன். நீங்கள் அந்தத் துறைமுக வாயிலைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்.”

நாற்பது வயதை எட்டும் தண்டையல், இருபது வருடம் அதே தண்ணீரில் ஓடியவன், அன்று காலை தண்ணீரை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அலை ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை. கறுப்பு தூரத்தில். காற்று உண்டு, ஆனால் லோஞ்சைக் கட்டிவைக்கும் காற்றில்லை. எதிர் லோஞ்சு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் வரவில்லை என்பது தெரியாது. அந்தத் தெரியாத இடத்தில் நானாக ஒரு புயலைக் கொண்டுபோய் நட்டு வைத்திருந்தேன்.

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது அப்போதுதான் என் மண்டைக்கு வந்தது. திருகோணமலை ஜெட்டியடியில் ஒரு கடை, அங்கே டெலிபோன் உண்டு. எங்களிடம் தபாற்கந்தோர் உண்டு. இவ்வளவு நாளும் ஏன் கேட்கவில்லை என்று யோசித்தேன். ‘கடல் நல்லம்’ என்று பதில் வந்தால் நான் போகவேண்டி வருமே, அதுதான் காரணம்.

“எஞ்சினைச் சூடாக்கு,” என்று கூட்டாளியிடம் கத்தினேன்.

“அது எப்பவோ சூடாத்தான் இரிக்கி. ஒன்ட காலுதான் ஆறிப்போய்க் கெடக்கு.”

ஓடினேன். தபாலதிபர் பல் விளக்குவதைப் பாதியில் விட்டுக் கதவைத் திறந்தார். இணைப்புக் கிடைக்க இருபது நிமிடம். அதற்குள் கதிரையில் இருந்தேன், எழுந்தேன், முழங்காலைத் தடவினேன். கடைசியில் கடைக்காரர் எடுத்து, எதிர் லோஞ்சுத் தண்டையலையே கூப்பிட்டுக் கொடுத்தார். ஆள் உயிரோடு, அங்கேயே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“அண்ணன்! நீங்கள் ஏன் வரேல்லை?” என்று கத்தினேன்.

“நீ ஏன்ரா வரேல்லை?”

“நீங்கள் வரேல்லை எண்டுதான்!”

“டேய், நீ வரேல்லை எண்டுதான்ரா நானும் வரேல்லை! வாயிலடி வரைக்கும் வந்து எட்டிப் பாத்தனான். உன்னைக் காணேல்லை. மூதூர்ப் பக்கம் ஏதோ கிளம்பிட்டுதாக்கும் எண்டு திருப்பிக் கொண்டுவந்து கட்டிட்டன்.”

“இஞ்ச உங்கட லோஞ்சு கவிண்டதெண்டு கதை.”

“இஞ்ச உன்ர லோஞ்சு கவிண்டதெண்டு ரெண்டு பொம்பிளையள் அழுதுகொண்டு நிக்குதுகள்!”

“எத்தினை பேர் சரியாம்?”

“ஆறு.”

“இஞ்ச மூண்டுதான் அண்ணன்.”

தபாலதிபர் வாய்க்குள் பற்பசையோடு சிரித்து நுரை கக்கினார். எதிர்ப்பக்கத்தில் அவர் மெதுவாகக் கேட்டார்:

“அப்ப இந்த ஒரு மாசமா நீ பிந்தினது?”

“உங்களைப் பாத்துத்தான்.”

“நான் பிந்தினது உன்னைப் பாத்துத்தான்ரா. நீ முந்தி எதுக்கும் பயப்பிடாத ஆள். நீயே தயங்கினா ஏதோ பெரிய விஷயம் எண்டு நினைச்சன்.”

பதினைந்து வருடம் பழைய ஆளின் அனுபவத்தில் நான் சாய்ந்து நின்றிருக்கிறேன். அவர் என் பழைய முட்டாள்தனத்தில் சாய்ந்து நின்றிருக்கிறார். நடுவில் கடல் தன்பாட்டுக்குக் கிடந்திருக்கிறது.

“அண்ணன், நான் இப்ப வெளிக்கிடுறன். நீங்களும் வெளிக்கிடுங்கோ. இனி ஆளை ஆள் பாக்க வேண்டாம். கடலைப் பாப்பம்,” என்று சொல்லி வைத்தேன்.

திரும்பி ஓடி வரும்போது எனக்குள் வேறொன்று தொடங்கிவிட்டது. பயம் இருந்த இடத்தில் வெட்கம் ஏறி உட்கார்ந்தது. என்ன வந்தாலும் சரி, வானம் இடிந்தாலும் சரி, அந்தப் பெண்ணைப் பத்து மணிக்கு முன் கொண்டுபோய் இறக்குவேன், நான் யாரென்று காட்டுவேன். ஜெட்டிப் பலகையில் கால் வைக்கும்போதுதான் இந்தக் குரலை முன்பே கேட்டிருக்கிறேன் என்று பட்டது. தேத்தண்ணிக் கடையில் ஒற்றைக் கயிற்றோடு இருந்து சிரித்தவனின் குரல் அது. அவன் கையில் சுக்கானைக் கொடுப்பதும், மேசைக்குக் கீழே இருந்தவன் கையில் கொடுப்பதும் ஒன்றுதான். இரண்டு பேரும் கடலைப் பார்க்கமாட்டார்கள்.

ஆகவே கால் நிலத்தில் இருக்கும்போதே ஒரு முடிவெடுத்தேன். நடுக்கடலில் எடுக்கும் முடிவை நான் எடுக்கமாட்டேன், என் வயிறுதான் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“எதிர் லோஞ்சு கவிழேல்லை. தண்டையல் தேத்தண்ணி குடிக்கிறார். நாங்கள் போறம். துறைமுக வாயிலடியில நிக்கிற சின்னத் தீவு கண்ணுக்குத் தெரியும்மட்டும் நேர ஓட்டம். மழை வந்து தீவை மறைச்சா இடப்பக்கம் திருப்பி, கிண்ணியாப் பக்கம் ஒதுங்குறது. விருப்பமில்லாதவங்கள் இப்பவே இறங்கலாம்.”

ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொன்னேன்: “தங்கச்சி, தீவு மறைஞ்சா திருப்புவன். உங்கட பரீட்சை போயிடும். அதுக்காக ஓடமாட்டன்.”

“சரி,” என்றார். “ஆனா தீவு தெரியேக்க திருப்பக்கூடாது.”

“திருப்பமாட்டன்.”

எட்டரைக்குக் கயிற்றை அவிழ்த்தேன்.

முதல் அரை மணித்தியாலம் நான் ஒரு வீரன். நடுக்குடாவுக்கு வந்ததும் வலப்பக்க அலை முகப்பில் அடிக்கத் தொடங்கியது. தூரத்தில் நின்ற கறுப்பு எழுந்து நடந்து வந்தது. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அதில் இரண்டு என் சமயத்துக்குச் சேராதவை. மிதந்து வந்த ஒரு தென்னமட்டை எனக்குக் கவிழ்ந்த வள்ளமாகத் தெரிந்தது, அதில் மூன்று பேரும் தெரிந்தார்கள். மழைத்திரை தீவின் பக்கம் சாய்ந்தது. என் கை தானாக இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது.

எஞ்சின் பலகையைத் தூக்கிக்கொண்டு கூட்டாளியின் தலை வெளியே வந்தது.

“என்ன மச்சான், திருப்புறியா?”

“இல்லை.”

“கை திருப்புதே.”

“அது கையின்ர கதை. நான் இன்னும் முடிவெடுக்கேல்லை.”

“தீவு?”

எனக்குத் தெரியவில்லை. தீவு தெரியவில்லை என்றில்லை, தெரிகிறதா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. பார்க்கும் கண்ணும் என்னுடையது, பயமும் என்னுடையது. வேறு கண் வேண்டும். ஆனால் என் முகத்தைக் கண்டால் லோஞ்சில் இருக்கிற எல்லாரும் ‘தெரியேல்லை’ என்றுதான் சொல்வார்கள். தண்டையலின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது சனத்தின் பழக்கம். திரும்பாமல், குரலை எவ்வளவு சாதாரணமாக வைக்கலாமோ அவ்வளவு சாதாரணமாக வைத்து, பின்னால் இருந்த பெண்ணைக் கேட்டேன்.

“தங்கச்சி, அந்தத் தீவு தெரியுதோ?”

“என்னட்டைக் கேக்காதீங்கோ அண்ணன்,” என்றார் உடனே. “அது தெரியாட்டியும் எனக்குத் தெரியும்.”

அந்தப் பதிலை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். வாழ்க்கையே அந்தத் தீவில் தொங்கிக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! என்னிடம் அதில் பாதி இருந்திருந்தால் காகத்தை நம்பியிருக்கமாட்டேன்.

கருவாட்டு வியாபாரியைக் கேட்டேன். அவருக்குப் பட்டணத்தில் இறங்குவதும் ஒன்றுதான், கிண்ணியாவில் இறங்குவதும் ஒன்றுதான், கருவாடு எங்கும் விலைப்படும்.

“தெரியுது தம்பி,” என்றார் நிதானமாக. “வலப்பக்கம் கொஞ்சம் மங்கல். மரம் தெரியுது. அதுக்குக் கீழ கல்லும் தெரியுது.”

கையை நேராக்கினேன். அது வர மறுத்தது. இரண்டாவது கையையும் போட்டுப் பிடித்து நேராக்கினேன். மழை எங்கள்மேல் விழுந்தது, நனைந்தோம், ஓடினோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அதே ஆளிடம் அதே கேள்வி. “தெரியுது.” “தெரியுது.” “தெரியுது தம்பி, நான் இனி நித்திரை கொள்ளட்டோ?” அரைவாசி தாண்டியதும் எதிர் லோஞ்சு மழைக்குள்ளிருந்து வெளியே வந்தது. அந்த மனிதர் தொப்பலாக நனைந்து, கையை வானத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டு கடந்து போனார். என்னால் பதிலுக்குக் கை காட்ட முடியவில்லை. இரண்டு கையும் வேலையில் இருந்தன.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திருகோணமலை ஜெட்டியில் அணைந்தோம். கயிறு விழ முந்தியே அந்தப் பெண் பாய்ந்து இறங்கி, சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் எஞ்சின் பலகையில் இருந்துவிட்டேன். முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. “ரேடியோ ரெண்டு ஸ்டேசனும் ஒண்டாப் புடிக்குது,” என்றான் கூட்டாளி.

மூன்று மணிக்குத் திரும்பும் லோஞ்சுக்கு அவர் வந்தார். நான் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

“எப்பிடித் தங்கச்சி?”

“கேட்டாங்கள், சொன்னன். முதல்ல, உடுப்பு ஏன் நனைஞ்சிருக்கு எண்டு கேட்டாங்கள். லோஞ்சில வந்தனான் எண்டன். இந்தக் காலத்திலயோ எண்டார் ஒராள். ஓம், தண்டையலுக்குச் சரியான பயம், ஆனா கொண்டுவந்து விட்டவர் எண்டன்.”

“சான்றிதழோட என்ர மானத்தையும் சேர்த்துக் குடுத்திட்டீங்கள்.”

முதல்முறையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அண்ணன், இண்டைக்குக் கொண்டுவந்து விட்டதுக்கு நன்றி. மாசியில திருப்பி அனுப்பினதுக்கு எனக்கு இன்னும் கோபம்தான். இதை வைச்சு அதை அழிக்க ஏலாது.”

“நான் அழிக்கச் சொல்லேல்லையே.”

“வாயால சொல்லேல்லை.”

உண்மைதான். ஜெட்டியில் அவரைக் கண்டதிலிருந்து எனக்குள் அந்தச் சமன்பாடுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல பயணம் போனால் ஒரு கெட்ட காலை இல்லாமல் போகும் என்று. மனிதனுக்குத் தன்னை மன்னித்துவிட எவ்வளவு அவசரம்! நான் அதை அங்கேயே நிறுத்தினேன். காக நாள் காக நாளாகவே இருக்கட்டும். அன்று முதல் இந்த வயதுவரை, பயணத்தை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் ஜெட்டியில் வந்து நின்று காரணத்தை வாய்விட்டுச் சொல்வேன், கண்ணால் கண்டதை மட்டும். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தால் கயிற்றை அவிழ்த்துவிடுவேன். நிறுத்திய நாட்களும் உண்டு. பயம் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.

பங்குனியில் அவருக்கு நியமனம் வந்தது. குச்சவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். தகரப் பெட்டியோடு எங்கள் லோஞ்சில்தான் போனார். பெட்டியை நான்தான் பஸ் நிலையம்வரை தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே கல்லா, புத்தகமா என்று கேட்டேன். ரெண்டும் இல்லை, அம்மா தந்த அரிசிமா என்றார். பஸ்ஸில் ஏறி யன்னலடியில் இருந்துகொண்டு தலையை வெளியே நீட்டினார்.

“அண்ணன், சித்திரை லீவுக்கு வீட்ட வருவன். அண்டைக்கு லோஞ்சு ஓடுமோ?”

‘உங்களுக்கு ஓடாமலோ’ என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

“இப்ப எப்பிடித் தங்கச்சி சொல்லுறது? அண்டைக்குக் காலமை கடலைப் பாத்துத்தான் சொல்லுவன்.”

“அப்ப சரி,” என்றார். பஸ் புறப்பட்டது.